ஐயா, குடித்தனத்தை எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தண்ணீரைப் பங்கிட சேலத்து வார்டுகளுக்கு நீங்கள் போட்டிருக்கும் குடும்ப எண்ணிக்கைப் பட்டியலைப் பார்த்தோம். 2011 எண்ணிக்கையை எல்லா வார்டுக்கும் ஒரே வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி, சந்தேகம் வந்த இடத்தில் மின் இணைப்பை வைத்துச் சரிபார்த்திருக்கிறீர்கள். 2021 கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போன பிறகு மதிப்பீட்டை விட்டால் வழியில்லைதான். ஆனால் மீட்டர் வேறு, குடித்தனம் வேறு.

குகையிலோ அம்மாபேட்டையிலோ ஒரு லைன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு மீட்டர், ஒரு குழாய். உள்ளே ஆறு அடுப்பு, அதாவது ஆறு குடித்தனம். வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர் மின்வாரியக் கணக்கில் வராது. குடித்தனத்துக்கு நாலு பேர் என்றால் 24 பேர்; நகரத்துக்கான அளவு தலைக்கு 135 லிட்டர், ஆக 3,240 லிட்டர் வேண்டும். உங்கள் பட்டியலில் அது ஒரே குடும்பம், 540 லிட்டர். ஆளுக்கு 22.5 லிட்டர், அதாவது ஒன்றரைக் குடம். குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் அதற்குள்தான்.

இதற்கு நேர்மாறும் உண்டு. இலவச மின்சாரத்துக்காக மாடிக்கொன்று, கீழ்வீட்டுக்கொன்று என ஒரே குடும்பத்துக்கு இரண்டு இணைப்பு. நகரம் முழுக்கக் கூட்டும்போது கூடுதலும் குறைவும் ஓரளவு நேராகிவிடும். ஆனால் 40 குடித்தனம் உள்ள சந்தில் ஐந்து விட்டுப்போனாலே 12.5 சதவீதம் பிழை. ரேஷன் கார்டும் பாதிதான் உதவும். கார்டைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு இங்கே வெள்ளிப் பட்டறைக்கு வந்தவர் அதில் இருக்கமாட்டார்.

லைன் வீடு, தனி வீடு, அடுக்குமாடி என வார்டின் தெருக்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் சில தெருக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, மீட்டரையும் அடுப்பையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்புத் துறையே வைத்திருக்கும் வரையறை. மீட்டருக்கு எத்தனை அடுப்பு என்ற விகிதத்தை அதே வகைத் தெருக்களுக்கு மட்டும் போடுங்கள். தறி இணைப்பையும், அடுத்தடுத்த பில்லில் யூனிட்டே ஓடாத இணைப்பையும் முதலில் கழித்துவிடுங்கள்.

ஆள் இல்லை என்பீர்கள். டிரம்முக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடும் பணியாளரைக் கேளுங்கள். எந்தச் சந்தில் எத்தனை குடித்தனம் என்று நின்ற இடத்திலேயே சொல்வார். ஓட்டுக் கேட்டு வருபவர்களுக்கும் அது மனப்பாடம். தண்ணீர் விடும்போதுதான் ஆறும் ஒன்றாகிவிடுகிறது.

எங்கள் கோபம் இருக்கட்டும். அடுத்த தண்ணீர் அட்டவணை போடுமுன் தயவுசெய்து குடித்தனத்தை எண்ணுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த விகிதம் போட்டீர்கள் என்பதையும் வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். தப்பு இருந்தால் தெருக்காரர்களே வந்து சொல்வார்கள்.

இப்படிக்கு,
லைன் வீட்டுக் குடித்தனக்காரர்கள்