அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நாளையோடு உன் அத்தான் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குத் திரும்பாமல் இந்த நகரத்திலேயே முதுமையைக் கழிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். பிறர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே எழுதுகிறேன். பத்திரங்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், உறவினர்களும் இதைப் படிப்பார்கள்.

உன் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, என் உயரத்தைத் தொலைபேசியில் கேட்டுக் குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தியவன் நீ. அந்த அன்பை உதறுகிறேன் என்று நீ நினைப்பாயோ என்ற அச்சத்திலேயே இத்தனை மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தேன். மன்னித்துவிடு.

ஆனால் அந்த இரவை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? பின்னிருக்கையில் அத்தானின் தலை என் மடியில் இருந்தது. பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூளையின் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அப்போது நமக்குத் தெரியாது. முதல் மருத்துவமனையில் ஸ்கேன் வசதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் "எப்போது தொடங்கியது?" என்று மருத்துவர் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். களைப்பாக இருக்கும், சற்றுப் படுங்கள் என்று அவரிடம் சொல்லி ஒரு மணி நேரத்தை வீணாக்கியவள் நான்தான். அதைத் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நீ சொன்னாய். நீ வண்டி ஓட்டிய வேகத்தையும் சேர்த்தே சொன்னாய்.

இங்கே பெரிய மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. அது மட்டும் காரணமில்லை. கண்புரைக்குப் பிறகு நான் இரவில் வண்டி ஓட்டுவதில்லை. ஊரில் இருந்தால் நூலகத்துக்கும் கண் மருத்துவரிடமும் போக உன் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நீ இல்லாவிட்டால் உன் மனைவி அழைத்துப் போவாள் என்றாய், அவளைக் கேட்டாயா? இதற்கு மேல் அவளைப் பற்றி இங்கே எழுதுவது முறையாகாது.

நகரம் என்னைத் தாங்குகிறது என்றும் சொல்லவில்லை. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர்களைக் கணக்கில் வைத்தே பல ஊர்களில் சிக்னல் நேரத்தை வகுக்கிறார்களாம். நான் சாலையின் நடுவில் நின்றுவிடுகிறேன். மின்தூக்கி பழுதானால் அன்றைக்கு வெளியே போக முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் 33 நகரங்களின் முதியவர்களிடம் கேட்டு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் எட்டுத் தலைப்புகளில் போக்குவரத்தும் ஒன்று, மரியாதையும் ஒன்று. எனக்கு அவை இரண்டும் ஒன்றுதான், தம்பி. பேருந்தில் ஏறும்போது நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அறையை உன் மகளுக்குக் கொடு. கைப்பிடியைக் கழற்றாதே, உனக்கும் 63 ஆகிறது. நாளை நீ அழைப்பாய் என்று தெரியும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நீ பேசினாலும் இந்த முறை தொலைபேசியை வைத்துவிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா