வாழைப்பழமும் புளூட்டோனியமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ராணுவத்தின் அணுக்கழிவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான். அதனாலேயே, "வாழைப்பழத்திலும் கதிரியக்கம் உண்டு, கழிவு லாரிக்குப் பயப்படுகிறவர்கள் பழக்கடைப் பக்கமும் போகாமல் இருக்கலாம்" என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 இருப்பது எனக்கும் தெரியும். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பொட்டாசியம் கூடிப்போனால் உடம்பு சிறுநீரில் தள்ளிவிடும். அந்தக் கழிவில் இருக்கும் புளூட்டோனியம் மூச்சில் போனால் அப்படி வெளியேறாது. எலும்பிலும் ஈரலிலும் பல பத்தாண்டுகள் தங்கும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள். வாழைப்பழத்தைப் புதைக்க எந்த அரசும் 2,150 அடி ஆழத்தில் உப்புப் படுகையைக் குடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

நியூ மெக்சிகோவில், சாண்டா ஃபேக்குத் தெற்கே, 285ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி வசிக்கிறேன். 1999 மார்ச் மாதம் கார்ல்ஸ்பாட் அருகே அணுக்கழிவைப் புதைக்கும் உப்புச் சுரங்கக் கிடங்குக்கு முதல் லாரி கிளம்பியது, அணுகுண்டு ஆய்வகம் இருக்கும் லாஸ் அலமோஸிலிருந்து. அன்றுமுதல் இந்தச் சாலைதான் வழி. திறந்த லாரியின் மேல், உச்சி வளைந்த பெரிய உருளைகள் நின்றபடி போகும். உள்ளே பீப்பாய்கள், பீப்பாய்களுக்குள் அணுகுண்டு வேலையில் புளூட்டோனியம் பட்ட கையுறை, கருவி, கந்தல், சேறு. அந்த உருளையை 30 அடி உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள், அரை மணி நேரம் நெருப்பில் வைத்துப் பார்த்தார்கள் என்று கட்டுரையாளர் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்திருக்கிறார். சரி, உருளை உறுதியானதுதான். என் சண்டை உருளையோடு அல்ல, உள்ளே போகும் பீப்பாயை அடைத்தவர்களோடு.

"இன்றுவரை அங்கே ஒரு கசிவும் நடந்ததில்லை" என்றும் எழுதியிருக்கிறாரே, 2014 பிப்ரவரி 14ஆம் தேதி என்ன நடந்ததாம்? இரவு பதினொரு மணிக்கு மேல் சுரங்கத்துக்குள் 68660 என்ற எண்ணுள்ள பீப்பாய் சூடேறி வெடித்தது. நல்ல வேளை, அப்போது கீழே யாரும் இல்லை. காற்றுப் போக்கியின் வடிகட்டியை ஏமாற்றிக்கொண்டு கொஞ்சம் அமெரிசியமும் (புளூட்டோனியத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு கதிரியக்கத் தனிமம்) புளூட்டோனியமும் மேலே வந்து, அரை மைலுக்கு அப்பால் இருந்த காற்றுக் கண்காணிப்புக் கருவியிலேயே பதிவாயின. மேலே வேலையில் இருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் கதிரியக்கத் துகள் போயிருந்தது, அளவு குறைவுதான் என்றாலும். கிடங்கை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மூடி வைத்தார்கள்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஈரத்தை உறிஞ்சக் களிமண் வகைப் பொடி போட வேண்டிய இடத்தில், கோதுமையில் செய்த பொடியைப் போட்டிருக்கிறார்கள். வீட்டுப் பூனைகள் மலம் கழிக்கத் தட்டில் கொட்டுவார்களே, அது. பீப்பாயில் இருந்ததோ நைட்ரேட் உப்பு. நைட்ரேட்டையும் கோதுமை மாதிரியான கரிமப் பொருளையும் ஒன்றாக மூடி வைக்காதே, சூடேறி வெடிக்கும் என்று பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சொன்னதை மறந்து கலந்த பையனை ஆய்வகத்தை விட்டு வெளியே நிறுத்தியும் இருக்கிறேன். பீப்பாயை அடைத்தது லாஸ் அலமோஸில். அணுகுண்டு செய்த ஊரில் இதைச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பீப்பாய் சுரங்கத்தில் இறக்கப்பட்டது ஜனவரி 31 அன்று, அதாவது வெடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. அதுவரை? இதே சாலையில், கட்டுரையாளர் புகழ்ந்த அதே உருளைக்குள், எங்கள் வாசலைக் கடந்துதான் போனது. பழக்கடைக்குப் போகிற வழியும் இதுதான் என்பதைக் கட்டுரையாளருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

எங்கள் பயத்தை நாங்கள் முறையாகச் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அதிகாரிகளின் படக்காட்சிக்கு ஒரு மணி நேரம், நமக்கு மூன்று நிமிடம். மேசைமேல் சின்ன விளக்கு; பச்சை, மஞ்சள், அப்புறம் சிவப்பு. ஒருமுறை தீயணைப்புத் தன்னார்வலர் ஒருவர் எழுந்தார். "குளிர்காலத்தில் ரோடு கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடுவது நாங்கள்தான். அடிபட்டவரை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது?" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார்கள். அவர் கருத்து எங்கே சொன்னார், கேள்வியல்லவா கேட்டார்!

இன்னொன்று. "ஆளில்லாப் பாலைவனம்" என்று எங்கள் மாநிலத்தை வர்ணித்திருக்கிறீர்கள். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டை இங்கே வெடித்தபோதும் அப்படித்தான் நினைத்தார்கள். சுற்றியிருந்த பண்ணைக்காரர்களிடம், வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது என்று கதை சொன்னார்கள். கதிர்வீச்சுப் பாதிப்புக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990இல் வந்தது. நெவாடா சோதனைகளின் காற்று அடித்த பகுதிகளுக்குப் பணம் கிடைத்தது, முதல் குண்டின் சாம்பலை வாங்கியவர்களுக்கு இல்லை. 2025இல்தான் அவர்களையும் சேர்த்தார்கள். எண்பது ஆண்டுகள்! அந்த ஆளில்லாப் பாலைவனத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள் ஐயா.

அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் 5.6 கோடி காலன் கழிவு கொலம்பியா ஆற்றுப் பக்கம் கிடப்பதும், பழைய தொட்டிகள் பல ஒழுகியதும் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சரி, இடப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம். 34 டன் உபரி புளூட்டோனியத்துக்கு 2024இல் போட்ட திட்டத்தையாவது சொல்லியிருக்கலாம். டெக்சாஸிலிருந்து லாஸ் அலமோஸுக்கு, அங்கிருந்து தென் கரோலினாவுக்கு, அங்கே கலந்து நீர்க்கச் செய்து மறுபடி நியூ மெக்சிகோவுக்கு. பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் முதலில் பயணத்தைக் குறைக்க வேண்டாமா? இதைக் கேட்டால் அறிவியல் தெரியாதவன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே விஷயமாக நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டீர்கள், நன்றி. பூனைப் பொடி வந்த பத்தியை மட்டும் வெட்டிவிட்டீர்கள். நம்பும்படியாக இல்லை என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன், சந்தாவையும் புதுப்பித்தேன்.

இப்போது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கசிவு நடந்ததில்லை என்ற வரி தவறு, 2014 பிப்ரவரியில் நடந்தது என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். தேதியைச் சரியாகப் போட்டால் போதும். இடமில்லை என்றால் ராசி பலன் பக்கத்தின் அடியில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தங்கள்
நெடுநாள் வாசகன்,
சாண்டா ஃபே, நியூ மெக்சிகோ