பொடியெழுத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் உறையில் பொடியெழுத்தில் பெயர் அச்சானவர்களுக்கும், அதுகூட அச்சாகாமல் போனவர்களுக்கும்,

வணக்கம்.

பிங்க் ஃபிலாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் நால்வருக்கும் இந்த மடலில் பங்கில்லை. அவர்களுக்கு ஐம்பது வருடத்துக்கும் மேலாக உலகமே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது, பணமாகவும் சொல்லிவிட்டது. 1973 மார்ச்சில் வெளிவந்த அவர்களுடைய அந்த ஆல்பம் நாலரைக் கோடிப் பிரதிகள் வரை விற்றிருக்கும் என்கிறார்கள். அந்த விற்பனையில் பெரும்பாலும் பங்கில்லாத உங்களுக்கு யாராவது தனியாக எழுத வேண்டாமா? அதற்குத்தான் இது.

முதலில் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் சார். அபே ரோட் ஸ்டூடியோவில் நீங்கள் மாதச் சம்பளக்காரர் மாதிரிதான். வாரத்துக்கு 35 பவுண்டு. ரெக்கார்டிங் தொடங்கிய 1972இல் உங்களுக்கு 23 வயது. நாற்புறமும் ஒலி வரும் குவாட்ரஃபோனிக் முறையை விளக்கிக் காட்டும் ஒரு ரெக்கார்டுக்காக, ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தீர்கள். ‘டைம்’ பாட்டு வந்தபோது, ‘என்னிடம் கடிகாரச் சத்தம் இருக்கிறது, வேண்டுமா?’ என்று நீங்களாகத்தான் கேட்டீர்கள். முதலில் டிக் டிக் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அப்புறம் எல்லாம் ஒன்றாக அலறும் இடத்தில் தூக்கிவாரிப் போடாதவர் யாரும் இருக்க முடியாது. தெரிந்தே கேட்டாலும் போடுகிறது.

‘மனி’ பாட்டின் தொடக்கம் இன்னொரு கதை. காசு விழும் சத்தம், காகிதம் கிழிபடும் சத்தம், கல்லாப்பெட்டியின் சத்தம் என்று ஒவ்வொன்றையும் டேப்பில் பிடித்து, ஸ்கேல் வைத்து ஒரே நீளத்துக்கு அளந்து, பிளேடால் வெட்டி ஒட்டி, வளையமாக்கி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். ஏழு துண்டு, தாளத்தில் ஏழு தட்டு. பாட்டின் தாளமே அந்த ஒட்டுவேலையிலிருந்துதான் எழுகிறது. இன்று கணினியில் சில நொடியில் முடிகிற வேலை. ஆனால் டேப்பில் ஒரு துண்டு கொஞ்சம் நீளமாகப் போயிருந்தாலும் தாளம் நொண்டியிருக்கும். இந்த ஆல்பத்துக்காக உங்கள் பெயர் கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, விருது வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும், இந்த மடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அபே ரோட் வாசலைக் காத்த ஜெரி ஓ'ட்ரிஸ்கால். பாட்டுகளுக்கு ஊடே போடப் பேச்சுக் குரல்கள் வேண்டுமென்று வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு, கட்டடத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் மைக் முன்னால் உட்கார வைத்தார். கடைசியாக எப்போது யாரையாவது அடித்தாய், சாவுக்குப் பயமா, இப்படி. பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூட உட்கார்ந்து பதில் சொன்னார்கள். பீட்டில்ஸின் குரல் கிடைத்தால் யாராவது விடுவார்களா? விட்டார்கள். பதில்கள் யோசித்து யோசித்துச் சொன்னதாக இருந்தனவாம். வாசல்காரர் நீங்கள் யோசிக்கவில்லை. சாவுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், என்றைக்காவது போக வேண்டியதுதானே என்று கடை வாசலில் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போனீர்கள். ஆல்பத்தின் கடைசியில், நிலாவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, முழுக்கவே இருட்டுதான் என்று கேட்பதும் உங்கள் குரல்தான். சூரியனால்தான் அது வெளிச்சமாகத் தெரிகிறது என்று அதற்கு மேல் நீங்கள் சொன்னதை வெட்டிவிட்டார்கள். தத்துவம் அரை வாக்கியத்தில் நின்றால்தான் எடுபடும் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

கிளேர் டோரி அம்மா, உங்களுக்கு எழுதுவதற்காகத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன்.

பார்சன்ஸ் உங்கள் பெயரைச் சொல்லி, ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தபோது நீங்கள் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. சனிக்கிழமை சக் பெர்ரி கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தீர்கள். அதனால் 1973 ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு. ரைட்டின் பியானோவைப் போட்டுக் காட்டி, வார்த்தை வேண்டாம், எதையாவது பாடு என்றார்கள். முதலில் ‘பேபி, பேபி’ என்று வழக்கமான பாணியில் தொடங்கினீர்கள். அது வேண்டாம் என்றதும், சரி, நான் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று முடிவுசெய்தீர்கள். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பிறந்தது அப்படித்தான்.

வார்த்தை இல்லாமல் பாடுவது நம் பக்கத்தில் புதிதில்லை. ஆனால் ஆலாபனையில் ஒரு நிதானம் உண்டு, ராகத்தின் வரம்பு உண்டு. நீங்கள் பாடியது ஒப்பாரிக்குத்தான் நெருக்கம்: முதலில் மாரடித்து ஓங்கிய குரல், அப்புறம் குரல் கம்மி, தனக்குத்தானே முனகுகிற கட்டம். எழவு வீட்டில் நடு இரவுக்கு மேல் கேட்டவர்களுக்கு அந்த இரண்டாம் பகுதி புரியும்.

இரண்டு முறை முழுசாகப் பாடி, மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, ரொம்பக் கத்திவிட்டேனோ என்று கூச்சப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தீர்கள். அந்த நால்வரும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இது வெளியே வராது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். ஞாயிறு என்பதால் இரட்டைச் சம்பளம், 30 பவுண்டு. பிறகு ஒரு ரெக்கார்டுக் கடையில் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உங்கள் பெயர் அதில் இருப்பதே தெரிந்தது. பாடியவர் என்ற பெயர் மட்டும்; மெட்டு முழுக்க ரைட் கணக்கில் போனது. 2004இல் நீங்கள் வழக்குப் போட்டீர்கள், 2005இல் சமரசமானது. எவ்வளவு கைமாறியது என்று யாரும் வெளியே சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் அதன் பிறகு வந்த பதிப்புகளில் அந்தப் பாட்டை ஆக்கியவர்கள் என்று ரைட்டும் டோரியும் சேர்ந்து நிற்கிறீர்கள். முப்பது வருடம் கழித்து நீதிமன்றத்துக்குப் போனது பேராசை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டை எழுதிக் கொடுக்காமல், பாடகி வாயால் உருவாக்கினால் அது ஆக்கம் இல்லையா? பாட வந்த பலருக்கும் சேர்த்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். அதற்கு இரண்டாவது நன்றி.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக. மிக்ஸிங்கில் எக்கோ வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர் நின்றபோது பஞ்சாயத்துக்கு வந்த கிறிஸ் தாமஸ் அவர்களுக்கு நன்றி. கேம்பிரிட்ஜ் நாள் முதல் கில்மோருக்குப் பழக்கமான, சாக்ஸஃபோன் வாசித்த டிக் பாரி அவர்களுக்கும். உறையில் படமெதற்கு, எளிமையாக ஏதாவது செய்யுங்கள் என்று ரைட் சொன்னதைக் கேட்டு, ஒளி முப்பட்டகத்தில் புகுந்து நிறமாகப் பிரியும் பாடப்புத்தகச் சங்கதியை எடுத்துக்கொடுத்த ஹிப்னோசிஸ் நிறுவனத்தார் ஸ்டார்ம் தோர்கர்சனுக்கும் ஆப்ரி பவலுக்கும், அதை வரைந்த ஜார்ஜ் ஹார்டிக்கும். எண்ணிப் பாருங்கள், அதில் ஆறு நிறம்தான் உண்டு, கருநீலம் இல்லை. அறிவியல் வாத்தியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், மெடிசின் ஹெட் என்ற இசைக்குழுவுக்கு. 1972இல் இதே பெயரில் அவர்கள் ஒரு ஆல்பம் வெளியிட்டதால் ஃபிலாய்ட்காரர்கள் தங்கள் தலைப்பைக் கொஞ்ச காலம் மாற்றிவைத்திருந்தார்கள். அது ஓடவில்லை என்பதால் பழைய பெயருக்கே திரும்பினார்கள். தோற்றதற்காக நன்றி சொல்வது நாகரிகமில்லைதான்.

பாஸ்கர் மேனன் சார், நீங்கள் 2021இல் மறைந்தபோது நம் பக்கத்துப் பத்திரிகைகளில் இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம். திருவனந்தபுரத்தில் பிறந்து, கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவை நடத்தி, 1971இல் அமெரிக்காவில் நஷ்டத்தில் கிடந்த கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸின் தலைமைக்குப் போனீர்கள். அதுவரை பிங்க் ஃபிலாய்ட் அமெரிக்காவில் பெரிதாக விற்றதில்லை. போதாக்குறைக்கு, இந்த ஆல்பத்துக்கு அடுத்து வேறு கம்பெனிக்குப் போவதாக அவர்கள் அங்கே ஒப்பந்தமும் போட்டுவிட்டார்கள். போகிறவர்களுக்கு எதற்கு விளம்பரச் செலவு என்று வேறொருவர் கைகழுவியிருப்பார். நீங்கள் கம்பெனியையே முடுக்கிவிட்டீர்கள். ‘மனி’ தனிப் பாட்டாக வந்து வானொலிகளில் ஓடியது. 1973 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் ஆல்பம் முதலிடத்தில் இருந்தது, ஒரே ஒரு வாரம். ஆனால் 1988 வரை அந்தப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இடம்பிடித்திருந்தது. சொந்த நாடான பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. அங்கே லண்டன் கோளரங்கத்தில் நடந்த வெளியீட்டு விழாவுக்கு ஒலி சரியில்லை என்று குழுவில் மூன்று பேர் வரவே இல்லை. விருந்தினர்களைக் குழுவினரின் அட்டைப்படங்கள்தான் வரவேற்றன. அமெரிக்காவில் அது ஜெயித்ததில் உங்கள் பங்கை நிக் மேசனே மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த அண்ணனுக்கு. தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், இந்த ஆல்பம் 43 நிமிடத்துக்குள். நடுவில் புரட்ட வேண்டாம் என்று அதை ஒரே பக்கத்தில் போட்டு, மறுபக்கத்தில் இளையராஜாவைப் போட்டுத் தந்தீர்கள். இங்கே பெயர் சொன்ன யாருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. அதனால்தான் உங்கள் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அன்புடன்,
கேசட்காரன்

பி.கு.: பின்னணி பாடிய டோரிஸ் ட்ராய், லெஸ்லி டங்கன், லிசா ஸ்ட்ரைக், பேரி செயின்ட் ஜான் ஆகியோருக்குத் தனி நன்றி. கடைசிப் பாட்டில் குரல்கள் மேலே மேலே ஏறுவது உங்களால்தான். படிக்கிறவர்கள் கவனிக்க: பேரி என்ற பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம், நால்வரும் பெண்கள்.