ஆண்டறிக்கை: லேபிளில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. சந்தா பெரும்பாலும் வந்து சேர்ந்துவிட்டது. புதிய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களை வரவேற்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மீதி நேரம் எனக்கு ஒரே விஷயத்துக்கு வேண்டும். சப்ளிமெண்ட் எனப்படும் சத்து மாத்திரை, காப்ஸ்யூல் தயாரிப்பவர்களான நம் சங்கத்துக்கு இந்த ஆண்டு வந்த தொலைபேசி அழைப்புகளில் இயந்திரம், கடன், மூலப்பொருள் தட்டுப்பாடு பற்றியவை குறைவு. "சார், இதை லேபிளில் போடலாமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாள், வயதானவரின் கையெழுத்து. முன்பு எங்கள் காப்ஸ்யூல் டப்பாவோடு வைத்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்திலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து அந்தத் தாளில் ஒட்டியிருந்தார். "ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்" என்பது அந்த வரி. அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தது ஒரே கேள்வி: "அப்படியானால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

கூடாது என்று அன்றே பதில் எழுதினேன். கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தது, கூப்பிட்டும் சொன்னேன். இவர் கேட்டார். கேட்காமலே நிறுத்தியவர் யாராவது இருந்திருப்பாரோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பிரசுரத்தை எழுதியவன் நான்தான். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மூலப்பொருள் விற்றவர் கொடுத்த தாளில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். நம்மில் பலரும் இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறோம்.

ஆரோக்கியக் கூற்றுகள், அதாவது ஒரு பொருள் உடலுக்கு இன்ன நன்மை செய்யும் என்று லேபிளில் சொல்லும் வாசகங்கள், பற்றிய விதிகளை அதுவரை ஒரு தொல்லையாகத்தான் பார்த்து வந்தேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை. செயற்குழுவிடம் சொன்னேன், லேபிள் குழு உருவானது.

லேபிள் குழுவில் நடந்தது

மாதத்துக்கு ஒரு நாள், அச்சுக்குப் போகும் முன் உறுப்பினர்கள் தங்கள் லேபிளைக் கொண்டுவருவார்கள். ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். முதல் கூட்டத்தில் வைட்டமின் சி மாத்திரை ஒன்றின் லேபிள் வந்தது. "நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த ஒரு வரியிலேயே மாலை முழுவதும் போய்விட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வைட்டமின் சி பற்றிச் சொல்ல அனுமதி உண்டு. ஆனால் அனுமதித்த வாசகம் வேறு: "நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இயல்பான செயல்பாட்டுக்குத் துணை புரிகிறது." அதையும் எல்லோரும் போட்டுக்கொள்ள முடியாது. நாளொன்றுக்கான குறிப்பு அளவான 80 மில்லிகிராமில் குறைந்தது 15 விழுக்காடு, அதாவது 12 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். லேபிளைக் கொண்டுவந்த உறுப்பினருக்கு மனம் கசந்துவிட்டது. "'இயல்பான' என்று போட்டால் எவர் வாங்குவார்? இயல்பாக இருப்பவர் எதற்கு மாத்திரை தேடப் போகிறார்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சொல்லிலும் நியாயம் இருக்கிறது. வைட்டமின் சி குறைந்தால் உடலின் எதிர்ப்பு வேலை தடுமாறும், குறையை நிரப்பினால் சீராகும் என்பதற்கு ஆதாரம் உண்டு. போதுமான அளவு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கும் உடலில் மேலும் மேலும் போட்டால் எதிர்ப்புச் சக்தி ஏறிக்கொண்டே போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். "அதிகரிக்கும்" என்ற சொல் ஆதாரம் நின்ற இடத்தைத் தாண்டிப் போகிறது. இதைப் பேசி முடித்தபோது அந்த உறுப்பினர் தாமாகவே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். லேபிளை மாற்றினார். விற்பனை முதலில் குறைந்தது என்றும் சொன்னார், அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இந்த வாசகங்கள் வந்த கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 டிசம்பரில் ஆரோக்கியக் கூற்றுகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. நிறுவனங்களும் நாடுகளும் சேர்ந்து சுமார் 44,000 கூற்றுகளை அனுப்பினார்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்தபோது ஏறத்தாழ 4,600 ஆயின. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வல்லுநர்கள் அவற்றைப் பரிசீலித்தார்கள். 2012-இல் வெளிவந்த பட்டியலில் தேறியவை 222. அந்த ஆண்டு டிசம்பர் 14 முதல், நிராகரித்த கூற்றுகளைச் சந்தையில் பயன்படுத்த முடியாமல் போனது. தொழில் முழுவதற்கும் அது பெரிய அடி.

விழுந்தவை எல்லாம் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். வல்லுநர்கள் கேட்ட கேள்விகள் மூன்று. பொருள் இன்னது என்று துல்லியமாக அடையாளம் காட்டியிருக்கிறீர்களா? நீங்கள் சொல்லும் விளைவு உடலுக்கு உண்மையிலேயே நன்மையா? அந்தப் பொருளால்தான் அந்த விளைவு என்பதை, யாருக்கு விற்கிறீர்களோ அவர்களைப் போன்ற மனிதர்களிடம் காட்டியிருக்கிறீர்களா? முதல் கேள்வியிலேயே நுண்ணுயிர்ச் சப்ளிமெண்டுகள் பல விழுந்தன. எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்பது போதாது, அந்தச் சிற்றினத்துக்குள் எந்தத் திரிபு (உள்வகை) என்று சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வியில், மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் விழுந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ள நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகளைக் காட்டினார்கள். நோயாளியிடம் கண்டது, மூட்டு நன்றாக இருப்பவருக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டார்கள். நமக்கோ நோயாளிக்கு விற்கவே அனுமதி இல்லை. உணவு என்று விற்கும் எதுவும் நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணமாக்கும் என்று சொல்லக் கூடாது. ஆக, நோயாளியிடம் ஆய்வு செய்தால் அது செல்லாது. நலமாக இருப்பவரிடம் செய்தால் மாற்றத்தைக் காட்டுவதே கடினம். நம் தொழிலை இந்த விதி நெருக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

ஆதாரம் இருந்தாலே போதும் என்றும் இல்லை. குளுக்கோஸ் உடலின் ஆற்றல் வளர்சிதை மாற்றத்துக்கு உதவுகிறது என்பதை அறிவியல் குழு ஏற்றது. இருந்தும், சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே சர்க்கரைக்கு நற்சான்று தர முடியாது என்று 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மறுத்தது. நீதிமன்றமும் 2017-இல் அதை உறுதி செய்தது.

அனுமதி கிடைத்த சொல்லும் நிரந்தரம் இல்லை. பூஞ்சை சேர்த்து நொதிக்க வைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசியில் மோனகோலின் கே என்ற பொருள் இருக்கிறது. அதை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் எடுத்தால் ரத்தக் கொழுப்பை இயல்பான அளவில் வைக்க உதவும் என்று 2012 பட்டியலிலேயே இருந்தது. பிறகு பாதுகாப்பு பற்றிய கேள்வி எழுந்தது. 2022-இல், ஒரு நாள் அளவு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி மாறியது. 10 இருந்தால்தான் சொல்லலாம், 3 கூட இருக்கக் கூடாது என்றால் அந்த வாசகம் செத்துவிட்டது என்றுதான் பொருள். அதை நம்பி டப்பா அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மூலிகைக்காரர்களின் சங்கடம்

நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் தாவரச் சாறு வைத்து வேலை செய்பவர்கள். அவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். தாவரங்கள் பற்றிய சுமார் 2,000 கூற்றுகளை ஐரோப்பாவில் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2010 முதல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் கூற்றுகளைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் பலர் தொழில் செய்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் குங்குமப்பூச் சாறும் முலாம்பழச் சாறும் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. பரிசீலனை முடியாத தாவரக் கூற்றுகளை, இடைக்கால விதியின் நிபந்தனைகளுக்குள் வந்தாலொழிய, விளம்பரத்தில் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம். பதினைந்து ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு, காத்திருந்தவரையே குற்றவாளி ஆக்குவது சரியில்லை. மறுப்பதானால் மறுக்கட்டும். ஒரு முடிவு சொல்லாமல் தொழிலை அந்தரத்தில் தொங்கவிடுவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

இதற்குத் தொழில் கண்டுபிடித்த குறுக்கு வழி எல்லோருக்கும் தெரியும். மூலிகைக் காப்ஸ்யூலில் கொஞ்சம் துத்தநாகமோ வைட்டமின் சி-யோ சேர்த்துவிடுவது. கூற்று துத்தநாகத்துக்கு, படம் மூலிகைக்கு. சட்டப்படி தப்பில்லாமல் இதைச் செய்ய முடியும், நம் உறுப்பினர்களும் செய்கிறார்கள். ஆனால் கடையில் டப்பாவை எடுத்துப் பார்ப்பவர், இலைப் படத்துக்குக் கீழே இருக்கும் வாசகம் அந்த இலைக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார். லேபிள் குழு இதைப் பலமுறை விவாதித்தது, ஒருமனதாக முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் ஏற்றுக்கொண்டது இதுதான்: கூற்று வரும் வரியிலேயே எந்தச் சத்தால் என்று பெயர் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கக் கூடாது. "இந்த மாத்திரை" என்று பொதுவாகச் சொல்லாமல் "இதிலுள்ள துத்தநாகம்" என்று எழுத வேண்டும்.

வேறு நாடுகளில் வழி வேறு. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடலின் அமைப்பையோ செயலையோ பற்றிய கூற்றை முன் அனுமதி இல்லாமலே போடலாம். விற்பனை தொடங்கி 30 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வாசகத்தை உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, இது எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ அல்ல என்று டப்பாவிலேயே எழுதவும் வேண்டும். சந்தை அங்கே பெரிதாக வளர்ந்ததற்கு இந்தத் தாராளம் ஒரு காரணம். ஜப்பான் 1991-இலிருந்தே ஒவ்வொரு பொருளாகப் பார்த்து அரசு அனுமதி தரும் முறையை வைத்திருந்தது. 2015-இல், நிறுவனமே ஆதாரத்தைச் சமர்ப்பித்து விற்கும் எளிய முறையையும் சேர்த்தது. அந்த எளிய முறையில் வந்த சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சப்ளிமெண்ட் ஒன்றைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி 2024-இல் வெளிவந்தது. அதன்பின், பாதிப்பு பற்றிய தகவலை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. கூற்று சரியா என்று பார்க்கும் கண், தயாரிப்புச் சுத்தமா என்றும் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டியது. ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

அப்புறம் பணம். புதிய கூற்றுக்கு விண்ணப்பிக்க மனிதர்களிடம் நடத்திய நல்ல ஆய்வுகள் வேண்டும். அது நம்மைப் போன்ற சிறு நிறுவனத்தால் தனியாகத் தாங்கக்கூடிய செலவு இல்லை. ஐரோப்பாவில் சொந்த ஆய்வோடு வருபவருக்கு அந்தத் தரவின் மீது ஐந்து ஆண்டு உரிமை உண்டு. இந்த வழியில் முதலில் அனுமதி பெற்றது, 2009-இல், தக்காளியிலிருந்து எடுத்த ஒரு பொருள். பணம் உள்ளவர் அந்த வழியில் போவார். நமக்கு மிஞ்சுவது எல்லோருக்கும் பொதுவான வைட்டமின், தாதுப்புக் கூற்றுகள். அதனால்தான் இப்போது அலமாரியில் பத்து டப்பாவிலும் ஒரே வாசகம். போட்டி சொல்லிலிருந்து தூய்மைக்கும் சோதனை அறிக்கைக்கும் விலைக்கும் நகர்ந்துவிட்டது. தூய்மையில் போட்டி போடுவது நமக்கு நல்லது. விலையில் மட்டும் போட்டி போட்டால் சிறியவர்கள் காணாமல் போவோம்.

அதனால் செயற்குழு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. முதலாவது, ஒரே மூலப்பொருளைப் பயன்படுத்தும் உறுப்பினர்கள் தனித்தனியே ஆதாரம் தேடாமல் பொதுக் கோப்பு ஒன்றைத் தயாரிப்பது. என்ன தாவரம், எந்தப் பகுதி, எந்த முறையில் எடுத்த சாறு, என்னென்ன ஆய்வு, எவர் மீது, என்ன அளவு, பாதகமாக வந்த முடிவு எது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சாதகமானதை மட்டும் சேர்க்கும் கோப்பு ஒரு விளம்பரத் தாள்தான், அது நமக்கு வேண்டாம். இரண்டாவது, நிறுத்தி வைத்த தாவரக் கூற்றுகளுக்குக் காலவரையறையோடு முடிவு சொல்லும்படியும், சிறு உற்பத்தியாளர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே ஆலோசனை கேட்க வழி செய்யும்படியும், மற்றச் சங்கங்களோடு சேர்ந்து அதிகாரிகளுக்கு மனு கொடுப்பது. மூன்றாவது, நோயின் பெயர் இருக்கும் எல்லாப் பழைய அச்சுத் தாள்களையும், கடைகளில் மிச்சம் இருப்பவை உட்பட, திரும்பப் பெற்று அழிப்பது.

மூன்றாவது தீர்மானத்தை இன்றே தொடங்கலாம். வாசல் பக்கம் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பழைய பிரசுரங்கள் கொண்டுவந்தவர்கள் அதில் போட்டுவிடுங்கள். என்னுடைய சர்க்கரைப் பிரசுரத்தின் கட்டுகளைக் காலையிலேயே அதில் வைத்துவிட்டேன். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்