லெட்லி கிங்கின் முழங்காலும் உன் முழங்காலும்

அன்புள்ள தம்பிக்கு,

"லெட்லி கிங் வாரம் முழுக்கப் பயிற்சியில் இறங்காமல் ஆட்டத்தன்று மட்டும் வந்து ஆடினாரே, நான் ஏன் ஆடக் கூடாது?" என்று கேட்டிருக்கிறாய். லண்டனின் டாட்டன்ஹாம் கால்பந்துக் கிளப்புக்கு ஆடிய சென்டர் பேக் அவர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர். உன் முழங்கால் வீங்கியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, உன்னை விட்டால் சென்டர் பேக் இடத்தில் நிற்க ஆள் இல்லை. உன் தவிப்பு புரிகிறது. அவர் அப்படி ஆடியதும் உண்மைதான். ஆனால் அவரால் எப்படி முடிந்தது, அதில் எவ்வளவு போனது என்பதையும் பார்த்துவிட்டு முடிவு செய்.

முதலில் சில எண்கள். 2004-05 பருவத்தில் டாட்டன்ஹாமின் 38 லீக் ஆட்டங்களிலும் கிங் ஆடினார். ஒன்றைக்கூட விடவில்லை. 2007-08-ல் 4 ஆட்டம். 2009-10-ல் 20. 2010-11-ல் 6. 2011-12-ல் 21. அத்தோடு சரி. 2012 ஜூலையில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 31. சென்டர் பேக்குகள் பலர் 34, 35 வரை ஆடுகிறார்கள். யூடியூபில் நீ பார்க்கும் காணொளிகளில் இந்த 4-ம் 6-ம் வராது. அந்தப் பருவங்களில் அவர் எங்கே இருந்தார் என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அவர் பிறந்தது 1980 அக்டோபரில், கிழக்கு லண்டனின் போ பகுதியில். சிறுவனாக ஆடிய சென்ராப் அணியில்தான் பின்னாளில் இங்கிலாந்தின் சென்டர் பேக்கான ஜான் டெர்ரியும் ஆடினார். 1996-ல் டாட்டன்ஹாமின் இளையோர் பிரிவு, 1999 மே மாதம் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் முதல் ஆட்டம். அப்போது வயது 18. ஆரம்பத்தில் அவரை மிட்ஃபீல்டிலும் நிறைய ஆட விட்டார்கள். 2000 டிசம்பரில் பிராட்ஃபோர்டுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிப் 10 விநாடிக்குள் கோல் போட்டாரே, அது மிட்ஃபீல்டராக ஆடியபோதுதான். 2019-ல் ஷேன் லாங் 7.69 விநாடியில் போடும்வரை பிரிமியர் லீக்கின் மிக வேகமான கோல் அதுவே.

அந்த மிட்ஃபீல்டு ஆண்டுகளைச் சின்ன விஷயமாக நினைக்காதே. சென்டர் பேக்குக்குப் பெரும்பாலும் ஆட்டம் முன்னால்தான் இருக்கும். மிட்ஃபீல்டருக்கு நாலு பக்கமும் ஆள். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளாவிட்டால் அங்கே பிழைக்க முடியாது. பின்னால் வந்து நின்றபோதும் கிங்கை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை.

2001-ல் கேப்டன் சோல் கேம்பல் எதிரி அணியான ஆர்சனலுக்குப் போய்விட, பின்வரிசையில் அவர் நின்ற இடம் காலியானது. 2002 மார்ச்சில் இங்கிலாந்து அணி. 2004 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், டெர்ரிக்குக் காயம் என்பதால் பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹென்றி, ட்ரெசெகே என்ற இரண்டு ஸ்டிரைக்கர்களுக்கும் முன்னால் 23 வயதுப் பையனாக நின்றார். 2005-06 முடியும்போது லீக்கில் மட்டும் 170 ஆட்டங்களுக்கு மேல் ஆகியிருந்தது. முழங்கால் முழுசாகக் கைவிடுவதற்கு முன்பே குதிர் நிறைய நெல் சேர்த்துவைத்திருந்தார் தம்பி. பிறகு எடுத்துச் சாப்பிட்டதெல்லாம் அந்த நெல்தான். நீ இப்போது கை வைக்கப் பார்ப்பது விதைநெல்லில்.

ரொபன் காணொளியை அனுப்பியிருந்தாய். அதை நிறுத்தி நிறுத்திப் பார். செல்சீயின் ஆர்யன் ரொபன் தனியாகக் கோல்கீப்பரை நோக்கிப் போகிறார், கிங் பின்னாலிருந்து ஓடி வந்து சறுக்கிப் பந்தை எடுக்கிறார். எல்லோரும் அந்தச் சறுக்கலைப் பார்க்கிறார்கள். நீ அதற்கு முந்தைய ஓட்டத்தைப் பார். பின்னாலிருந்து துரத்தும்போது ஆளை நோக்கி ஓடினால் கடைசியில் குதிகாலில்தான் போய் இடிப்பாய். பந்து போகப்போகும் இடத்துக்கும் கோலுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு அதை நோக்கி ஓட வேண்டும். அப்படி ஓடினால் கடைசி மூன்று நான்கு அடியில் நீ பின்னால் இருக்க மாட்டாய், பக்கவாட்டில் இருப்பாய்.

அடுத்தது நேரம். முழு வேகத்தில் ஓடுகிறவன் பந்தைக் காலோடு ஒட்டிவைத்து ஓட முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் பந்து ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ முன்னால் போகும், பிறகு அவன் எட்டிப் பிடிப்பான். அந்த இடைவெளிதான் உனக்குக் கிடைக்கும் நேரம். அவன் தட்டின கணத்திலேயே நீ கிளம்ப வேண்டும். அடுத்த தட்டுக்குக் கால் தூக்கும்போது கிளம்பினால் பந்துக்குப் பதில் கணுக்கால்தான் கிடைக்கும். சறுக்கும்போது கீழ்க்காலை மடக்கி, தொடையின் வெளிப்பக்கம் தரையில் பட இறங்கி, மேல்காலால் பந்தை வளைத்துத் தள்ள வேண்டும். கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். அன்றைய விதிப்படி கிங்கின் கால் ஒரு அங்குலம் தவறி ஆளைத் தொட்டிருந்தால் பெனால்டி, கூடவே சிவப்பு அட்டை. பந்துக்காகவே முயன்ற டேக்கிளுக்குப் பாக்ஸுக்குள் மஞ்சள் அட்டை போதும் என்ற தளர்வு 2016-ல்தான் வந்தது.

ஆனால் அவருடைய ஆட்டத்தின் உயிர் அந்தச் சறுக்கலில் இல்லை. சறுக்காமல் எடுத்த பந்துகள்தான் அவரை யாரென்று சொல்லும். சட்டையைப் பிடித்து இழுக்காமலே தன்னிடமிருந்து பந்தை எடுக்கக்கூடிய டிஃபெண்டர் என்று அவரைப் பாராட்டியவர் ஆர்சனலின் தியரி ஹென்றி. எதிரணி ஸ்டிரைக்கரிடமிருந்து ஒரு டிஃபெண்டருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

கை வைக்காமல் எடுப்பது எப்படி? ஆளுக்கு நேராக மார்பைக் காட்டி நிற்கக் கூடாது, ஒரு பக்கமாகத் திரும்பி நில். ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம், அதாவது ஒரு மீட்டர் சொச்சம். அதைவிட நெருங்கினால் ஒரே தட்டில் தாண்டிவிடுவான், இரண்டு மீட்டர் விட்டால் தலை நிமிர்ந்து பாஸ் போடுவான் அல்லது அடிப்பான். முழங்கால் லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில். கண் பந்தின் மேல், தோள் அசைவில் இல்லை. கோலுக்குப் போகும் வழியை மறைத்து நின்று, வெளிக்கோட்டுப் பக்கம் மட்டும் வழியைத் திறந்துவிடு. பந்து அவன் காலைவிட்டுச் சற்று அதிகமாக விலகும் ஒரு தட்டு வரும், அதற்குக் காத்திரு. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் வராது. கிங் அவசரப்பட்டு விழுந்து எடுப்பதை அபூர்வமாகத்தான் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் இன்னொரு சென்டர் பேக் மைக்கேல் டாசன் முன்னேறிப் போய்த் தலையால் முட்டுவார், கிங் இரண்டடி பின்னால் நின்று அது தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆட்டத்தில் முழங்காலுக்கு வேலை குறைவு என்பதைக் கவனித்தாயா? சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்பவன் ஓட வேண்டிய தூரம் குறைவு, திடீரென்று திரும்ப வேண்டிய தடவைகளும் குறைவு. அதனால்தான் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. தடதடவென்று ஓடி ஆளை முட்டி எடுக்கும் டிஃபெண்டருக்கு இதே முழங்கால் வந்திருந்தால் ஒரு பருவம்கூடத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

இனி முழங்காலுக்கு வருகிறேன். தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று போர்த்தியிருக்கும். தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, அதனால் தேய்ந்தால் தோல் காயம் ஆறுவது போல ஆறாது. நரம்பும் கிடையாது, அதனால் தேய ஆரம்பிக்கும்போது வலித்துச் சொல்லவும் சொல்லாது. வலி வரும்போது விஷயம் எலும்பு வரைக்கும் போயிருக்கலாம். கிங்கின் முழங்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது, அறுவை சிகிச்சை செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வீங்கி வற்ற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது என்று மேலாளர் ஹாரி ரெட்நாப் வெளிப்படையாகவே சொன்னார்.

அந்த ஒரு வாரம்தான் முழுக் கணக்கும். ஆட்டம், வீக்கம், வற்றுதல், மறுபடி ஆட்டம். நடுவில் ஓட்டம் வைத்தால் வீக்கம் வற்றாது, அதனால் மற்றவர்கள் மைதானத்தில் பயிற்சி எடுக்கும்போது அவர் நீச்சல் குளத்திலும் ஜிம்மிலும் இருந்தார். மார்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்கும் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். தசையும் மூச்சும் வேலை செய்யும், மூட்டு தப்பிக்கும். ஆகவே "பயிற்சியில் இறங்காமல்" என்று நீ எழுதியது தவறு. ஓட்டம்தான் இல்லை. பின்னால் ஒரு பிரிமியர் லீக் கிளப்பின் மருத்துவக் குழு முழுசாக நின்றது. வாரத்தில் 2 ஆட்டம் வந்தால் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கணக்கு பலன் தந்தது, மறுக்கவில்லை. 2008 பிப்ரவரியில் வெம்ப்ளியில் செல்சீயை 2-1 என்று வென்ற லீக் கோப்பை இறுதியாட்டம் கூடுதல் நேரம் வரை போனது, அவர் கடைசி வரை நின்றார், ராபி கீனோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கினார். 2010 மே 5 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் பீட்டர் கிரவுச்சின் ஒரே கோலில் வென்று லீக்கில் 4-வது இடத்தை உறுதி செய்தார்களே, அன்றும் கிங் ஆடினார்.

ஐந்தே வாரம் கழித்து, ஜூன் 12, ருஸ்டன்பர்க். உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டம். இடைவேளையோடு கிங் வெளியே. முழங்கால் இல்லை, தொடை இடுக்குத் தசை. அவருக்குப் பதிலாக ஜேமி கேரகர் உள்ளே வந்தார். அந்த உலகக் கோப்பையில் கிங் மறுபடி ஆடவில்லை. அன்றைய காயத்துக்கு முழங்கால்தான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வீங்கிய முழங்காலோடு ஆடுகிறவர்களுக்கு இன்னொரு இடத்தில் போவது சாதாரணம், ஏன் என்று தெரிந்துகொள். மூட்டுக்குள் 20, 30 மில்லி நீர் சேர்ந்தாலே போதும், தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் தானாகவே குறைத்துவிடும். உன் மனவலிமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தசை செய்யாத வேலையைப் பின்தொடையும் இடுக்கும் கெண்டைக்காலும் ஏற்றுக்கொள்ளும். வாரம் முழுக்க ஒரு முறைகூட முழு வேகத்தில் ஓடாத தசைக்கு ஆட்டத்தின் முதல் பாய்ச்சலே முதல் சோதனை. அங்கேதான் பிய்கிறது.

இப்போது உன் கால். படுக்கையில் காலை நீட்டி உட்கார், தொடையைத் தளர்த்திக்கொள். முழங்கால் சில்லின் உள்பக்கத்தில், கீழிருந்து தொடையை நோக்கி உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை வழித்துவிடு. அங்கே ஒரு சின்னப் பள்ளம் தெரியும். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடவை வழி, கண்ணை உள்பக்கப் பள்ளத்தில் வைத்துக்கொள். அலை மாதிரி ஏதாவது வந்து பள்ளம் நிரம்பினால் உள்ளே நீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வழிப்பதற்கு முன்பே தானாக நிரம்பினால் நீர் அதிகம். வழித்தும் நகராத அளவு என்றால் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போ. மற்றக் காலிலும் செய்து ஒப்பிட்டுப் பார்.

எந்த அளவு நீர் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இறங்காதே. வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். வீக்கம் வற்றாது, எச்சரிக்கை மட்டும்தான் அணையும். முழங்கால் நடுவில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா, இறங்கும்போது நழுவுகிறதா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல். சிக்கினால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கலாம், நழுவினால் தசைநார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உன் வயதில் இவை சரியாகக்கூடியவை. கிங்குக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

டாக்டர் பார்க்கும் வரை துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், ஒரு நாளில் நான்கு முறை. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைத் தரையோடு அழுத்தி 5 விநாடி பிடி. 10 தடவை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு 3 சுற்று. வலித்தால் நிறுத்திவிடு. தூங்கிப்போன முன்தசையை எழுப்பத்தான் இது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போ, ஆனால் பூட்ஸ் எடுக்காமல். உங்கள் கோலுக்குப் பின்னால் நின்று, உன் இடத்தில் ஆடுகிறவன் பந்து தூரத்தில் இருக்கும்போது எத்தனை தடவை தோளுக்குப் பின்னால் பார்க்கிறான் என்று 10 நிமிடம் எண்ணு. அவன் பார்க்காத நேரத்தில் ஸ்டிரைக்கர் எங்கே நகர்கிறான் என்றும் குறித்துக்கொள். கிங் முழங்கால் இல்லாமல் ஆடியது அந்தக் கண்ணை வைத்துத்தான்.

எண்ணிக்கையையும், பள்ளம் நிரம்பியதா இல்லையா என்பதையும் எழுது.

அன்புடன்,
அண்ணன்