என் கைகளைப் பிடித்துக்கொள்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அப்பாவுக்கு வலக்கண்ணிலும் பார்வை போய்விட்டது என்பதையும், இரவில் அவர் எழுந்தால் நீதான் கைபிடித்து அழைத்துப்போகிறாய் என்பதையும், அந்த இறுக்கமான பிடியில் உன் மணிக்கட்டு விடியும்வரை வலிக்கிறது என்பதையும் படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தும் ஒன்றும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் கீழ்வீட்டு மூதாட்டியின் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். பாட்டு எண்களை மாட்டும் மரப்பலகையில் 376 என்று இருந்தது. எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, என் பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் தம்முடையதை மூடி மடியில் வைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டு பாடினார். ‘ஸோ நிம் டென் மைன ஹெண்ட’ என்று தொடங்கும் அந்தப் பாட்டின் முதல் அடிகளை ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: ‘அப்படியானால் என் கைகளைப் பிடித்துக்கொள், என் பேறான முடிவுவரைக்கும், என்றென்றைக்கும் என்னை நடத்து, தனியே நடக்க எனக்கு மனமில்லை, ஓரடிகூட.’ நெடுநேரம் முரண்டுபிடித்த ஒருவர் கடைசியில் இறங்கிவருவதைப்போல, ‘அப்படியானால்’ என்று ஒரு பாட்டு தொடங்குவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எழுதியவர் யூலி ஹௌஸ்மான். 1826-இல், இன்று லாட்வியாவின் தலைநகராக இருக்கும் ரீகாவில் பிறந்தவர்; பால்டிக் கடலோரத்தில் வாழ்ந்த ஜெர்மானிய வம்சத்தவர்; அப்போது ரீகா ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஊர். இவரைப் பற்றி இங்கே எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் மிஷனரியாக இருந்த காதலரை மணம்புரிய இவர் கப்பலேறிப் போனாராம். கரையிறங்கியபோது அவரைப் புதைத்துச் சில நாட்களே ஆகியிருந்தனவாம். அன்றிரவே இந்தப் பாட்டை எழுதினாராம். உருக்கமான கதைதான், ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பாட்டைக் கேட்டவர்கள் அதற்குத் தகுந்த துக்கத்தைத் தாங்களே இட்டுக்கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அறியக் கிடைக்கும் வாழ்க்கையில் கப்பலும் இல்லை, கல்லறையும் இல்லை. தந்தை மித்தாவ் நகரத்தில் பள்ளி ஆசிரியர். மகள் சில வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை பார்த்தார்; உடம்பு இடம்கொடுக்காததால், ஒற்றைத் தலைவலியோடு வீடு திரும்பினார். பிறகு தந்தைக்குக் கண் தெரியாமல் போயிற்று. 1861-இல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். அடுத்த ஆண்டே பாட்டு அச்சாயிற்று. அந்த வீட்டில் அது எந்த நாளில் எழுதப்பட்டிருந்தாலும் சரி, பார்வையில்லாத ஒருவரை நடத்திச்சென்ற கைதான் ‘என்னை நடத்து’ என்று எழுதியிருக்கிறது என்பதை உன் கடிதத்துக்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை. இரண்டாம் சரணத்தில் ‘உன் ஏழைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குருடாய் நம்பட்டும்’ என்கிறார். அந்தச் சொல்லை அவர் அலங்காரத்துக்காகப் போட்டிருக்க மாட்டார்.

தம் பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அச்சிடச் சம்மதித்தார். பெர்லின் போதகர் குஸ்டாவ் க்னாக் 1862-இல் ‘மே மலர்கள்’ என்ற தலைப்பில் வெளியிட்ட அந்த நூலில், ஆசிரியர் பெயருக்குப் பதிலாக ‘தேசத்தில் அமைதலாயிருக்கிற ஒருத்தியின் பாடல்கள்’ என்றே இருந்தது. பைபிளின் 35-ஆம் சங்கீதத்தில் வரும் சொல் அது.

ராகம் சேர்ந்த விதம் இதைவிட விசித்திரமானது. இந்த ஊருக்குக் கிழக்கே உள்ள ஷ்னாய்ட் என்ற கிராமத்தில் பிறந்த ஃபிரீட்ரிஷ் ஸில்ஹர் என்பவர், 1842-இல், குழந்தைகள் தூங்கப்போகும்போது பாடும் வேறொரு பாட்டுக்காக அமைத்த மெட்டு அது. அவர் 1860-இலேயே காலமாகிவிட்டார். இந்த வரிகள் அச்சேறியதையே பார்க்கவில்லை. இரண்டையும் பிறர் பின்னாளில்தான் இணைத்தார்கள். இதைக் கண்ணீர்ப் பாட்டு என்று உதட்டைப் பிதுக்கும் இசை வல்லுநர்கள் இங்கே உண்டு. மெட்டில் கொஞ்சம் தேன் கூடுதல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் சரணத்தை அவர்கள் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்: ‘உன் வல்லமையில் நான் ஒன்றும் உணராவிட்டாலும், இரவின் ஊடாகவும் நீ என்னைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கிறாய்.’ ஒன்றும் உணரவில்லை என்று பக்திப் பாட்டிலேயே எழுதிவைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

ஹௌஸ்மான் 1901-இல் எஸ்டோனியக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் காலமானார். மணமே செய்துகொள்ளாதவர் எழுதிய பாட்டை இங்கே கல்யாணங்களிலும் பாடுகிறார்கள்!

ஒன்று சொல்ல மறந்தேன். பார்வையற்றோரை அழைத்துப்போகப் பழக்குபவர்கள் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு: நாம் அவர் கையைப் பிடிப்பதில்லை, அவர் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ள, நாம் அரையடி முன்னால் நடக்கவேண்டும். இன்றிரவு அப்பாவோடு அப்படி நடந்து பார். மணிக்கட்டு வலி குறைந்ததா என்று எழுது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் உன்,
தேவசகாயம்