பிளேடு ஏறுகிறது என்றால் பம்பை இறக்காதே

திருச்செங்கோடு

அன்புள்ள செல்வராசு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மெக்கானிக்கல் எடுக்கிறாள் என்பதில் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். லீவு நாட்களில் வண்டிப் பக்கம் கூட்டிப் போ. இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடு, மல்டிமீட்டர் பிடிக்க உனக்கு ஒரு கை வேண்டும்.

இனி உன் மினி எக்ஸ்கவேட்டர் வண்டி விஷயம். காலையில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் படுத்துவிடுகின்றன, அரை மணி ஆறவிட்டால் மறுபடி உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். வந்து பார்த்தவர் பம்ப் போய்விட்டது, இறக்கணும் என்கிறார். இறக்க விடாதே. போகிற போக்கில் நீயே ஒரு வரி எழுதியிருக்கிறாய், 'பிளேடு மட்டும் ஏறி இறங்குது' என்று. வழி அங்கேதான் திறக்கிறது.

உன்னுடையது போன்ற மூன்றரை டன் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் மண் தள்ளும் பிளேடின் லீவர் ராடோ கேபிளோ வழியாக நேரே ஸ்பூலை, அதாவது கன்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயிலுக்கு வழி விடும் உருளையைத் தள்ளும். ஜாய்ஸ்டிக் ஸ்பூலைத் தொடுவதே இல்லை. அது பைலட் ஆயிலை, அதாவது உத்தரவைச் சுமக்கும் குறைந்த அழுத்த ஆயிலை, ஸ்பூலின் தலைக்கு அனுப்பும், அந்த அழுத்தம்தான் ஸ்பூலை நகர்த்தும். இன்னொன்று, இந்த ரகத்தில் பிளேடுக்கும் ஸ்விங்குக்கும் (மேல்பகுதி சுழல்வதற்கும்) மூன்றாவது பம்ப் ஒன்றே பொதுவாக இருப்பது வழக்கம். மேனுவலில் சர்க்யூட் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள். பிளேடு ஏறுகிறது, அதே பம்பில் ஓடும் ஸ்விங் அசையவில்லை என்றால் ஆயில் இருக்கிறது, பம்ப் சுற்றுகிறது, உத்தரவு மட்டும் போய்ச் சேரவில்லை. பூமுக்கும் ஆர்முக்கும் (தோண்டும் கையின் அடிப்பகுதிக்கும் முன்பகுதிக்கும்) உள்ள மற்ற இரண்டு பம்பும் ஒரே நொடியில் செத்து அரை மணியில் சேர்ந்தே பிழைத்து வருவது நடக்கிற காரியமில்லை.

ஆகவே பைலட் பாதையைப் பின்தொடர். சின்ன கியர் பம்ப், அதன் ஃபில்டர், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பைலட் ரிலீஃப் வால்வு, அடுத்து இடது கைப்பக்கம் தூக்கும் சேஃப்டி லீவரோடு சேர்ந்த, மின்சாரம் வந்தால் பைலட் ஆயிலுக்கு வழி திறக்கும் லாக் சோலனாய்டு, அங்கிருந்து இரண்டு ஜாய்ஸ்டிக். சூடானால் சாவது, ஆறினால் பிழைப்பது என்ற உன் வண்டியின் குணத்துக்கு முதல் சந்தேகம் சோலனாய்டு காயில்தான். உள்ளே கம்பி சுற்றில் எங்கோ விட்டுப்போயிருக்கும். சூட்டில் விரிந்தால் தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில் குளிர்ந்த வண்டியில் சோதித்துவிட்டு 'காயில் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதில் பயனில்லை. படுத்துவிட்ட அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

பக்கெட்டும் பிளேடும் தரையில் இருக்கட்டும். இன்ஜினை நிறுத்து, சாவியை மட்டும் ஆன் செய், சேஃப்டி லீவரை வேலை செய்யும் நிலைக்கு இறக்கு. ஒரு திருப்புளியின் முனையைக் காயிலின் நடு நட்டுக்கு அருகில் கொண்டு போ. காயில் உயிரோடு இருந்தால் திருப்புளியை லேசாக இழுக்கும், லீவரைத் தூக்கினால் விட்டுவிடும். இழுப்பே இல்லையென்றால் மல்டிமீட்டரை எடு. பலர் தவறுவது இங்கேதான். சாக்கெட்டைக் கழற்றி வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும், வயர் நன்றாக இருப்பதாக நினைத்துவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், காயிலை மாட்டியதும் 6, 7-க்கு விழுந்துவிடும். சாக்கெட்டை மாட்டியபடியே பின்பக்கமாக முனையைச் செருகி அளவெடு. பேட்டரி வோல்ட்டுக்கு ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் சரி, குற்றம் காயிலில். பிறகு காயிலைக் கழற்றி ஓம் பார். டிராவல் ஸ்பீடு மாற்றும் காயில் பெரும்பாலும் அதே ரகமாகப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே போதும். இடம் மாற்றிப் போட்டு வண்டி ஓடிவிட்டால் முடிவு தெரிந்துவிட்டது.

வோல்ட்டே வரவில்லையா? ஃபியூஸ், எர்த், சேஃப்டி லீவருக்கு அடியில் சேறு ஏறிய ஸ்விட்ச், இவற்றுக்குப் பிறகு கன்சோல் மடங்கும் இடத்தில் வயரை விரலால் உருட்டிப் பார். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே வளைகிறது. மேலே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே தாமிரம் அறுந்திருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. பேட்டரியிலிருந்து நேரே ஒரு வயர் இழுத்துச் சோலனாய்டை நிரந்தரமாக உயிரோடு வைத்து ஓட்டுகிறார்கள். இறங்கும்போது சட்டைக் கை ஜாய்ஸ்டிக்கில் மாட்டினால் பூம் சுழன்று அடிக்கும். குழியில் நிற்பவனுக்கு அந்த லீவர்தான் காவல்.

காயில் இழுக்கிறது, ஆனாலும் அசைவில்லை என்றால் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டு. பைலட்டுக்கு 60 பார் கேஜ், மெயினுக்கு 400 பார் கேஜ். மெயின் லைனில் சின்ன கேஜை மாட்டினால் வெடிக்கும். பைலட் அழுத்தம் இந்த அளவு வண்டிகளில் 30 முதல் 40 பாருக்குள் இருக்கும், உன் வண்டிக்குரிய எண் மேனுவலில் உண்டு. குளிர்ந்தபோது 35 காட்டி, சூடானதும் 15-க்கு இறங்கினால் பைலட் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசி நின்று மூடாமல் இருக்கலாம். முதலில் ஃபில்டரையும் ரிலீஃபையும் கழற்றிக் கழுவு, செலவில்லாத வேலை. கன்ட்ரோல் பேட்டர்ன் (எந்த ஜாய்ஸ்டிக் எதை அசைக்கும் என்பதை) மாற்றும் கைப்பிடி உன் வண்டியில் இருந்தால் அது ஒரு பக்கமாக முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. நடுவில் நின்றால் எல்லாம் சோம்பிப் போகும்.

அடுத்தது பூம். ராத்திரி நிறுத்தினால் காலையில் பக்கெட் தரையில் கிடக்கிறது, சீல் கிட் இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை என்கிறாய். நான் சொல்வது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். பூம் சிலிண்டரில் பிஸ்டன் சீல் முழுசாகப் போனாலும், ஆயில் போய்வரும் இரண்டு போர்ட்டும் இறுக்கமாக மூடியிருந்தால் பூம் இறங்காது. பூம் இறங்கும்போது ராடு சிலிண்டருக்குள் நுழைகிறது. அது நுழைய வேண்டுமானால் ராடின் பருமனுக்குச் சமமான ஆயில் வெளியேறியாக வேண்டும். வெளியேற வழியில்லாதபோது எங்கே போகும்? அழுத்தம்தான் ஏறும். 80 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 45 மில்லிமீட்டர் ராடு என்று வைத்துக்கொள். பிஸ்டன் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ., ராடின் பரப்பு சுமார் 16. நல்ல சீலில் 60 பாரில் தாங்கிய அதே பாரம், சீல் போனால் 190 பாரில் தாங்கும். அந்த மூன்று மடங்கு அழுத்தம் ஸ்பூலின் இடுக்கு வழியாகவும் போர்ட் ரிலீஃப் வழியாகவும் வேகமாகக் கசிகிறது. சீல் குற்றத்தைப் பெரிதாக்கும், ஆனால் ஆயில் வெளியேறும் கதவு வால்வில்தான் இருக்கிறது. ஆர்ம் சிலிண்டரில், பாரம் ராடை வெளியே இழுக்கும் நிலையில் கணக்கு மாறும். ராடு பக்க ஆயில் சீலைத் தாண்டி மறுபக்கம் போக அங்கே இடம் இருக்கிறது, எனவே சீல் மட்டும் போனாலே ஆர்ம் இறங்கும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் சீல் கிட் கடைக்குக் காசு போகிறது.

எது குற்றம் என்று பிரிக்க ஒரு வழி. பக்கெட்டைத் தரையில் வை, இன்ஜினை நிறுத்து, சாவியை ஆன் செய்து சேஃப்டி லீவரை இறக்கி, ஜாய்ஸ்டிக்குகளை நாலு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கு, டேங்க் மூடியைத் தளர்த்திக் காற்றை விடு. பூம் சிலிண்டரின் ராடு பக்க ஹோஸைக் கழற்றி ஹோஸ் முனைக்கு இரும்பு டம்மி போடு. சிலிண்டர் போர்ட்டுக்கு ஒரு திறந்த குழாயை மாட்டி டப்பாவில் விடு. இன்ஜினை மெதுவான ஆர்பிஎம்மில் ஓட்டி, பக்கெட் தரையிலிருந்து 15 செ.மீ. எழும்வரை மட்டும் பூமைத் தூக்கு. அப்போது கொஞ்சம் ஆயில் டப்பாவில் விழும், அது இயல்பு. இன்ஜினை நிறுத்து, யாரும் அடியில் போகக் கூடாது. ராடில் மார்க்கரால் கோடு போட்டு 10 நிமிடம் பார். பூம் இறங்க இறங்கக் குழாயில் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தால் சீல். குழாய் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பூம் இறங்கினால் சீல் நல்லது, குற்றம் வால்வில். உனக்கு இரண்டாவதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் பூம் போர்ட் ரிலீஃபைக் கழற்றி ஓரிங்கையும் இருக்கையையும் பார். அதே செட்டிங் உள்ள வேறு ரிலீஃப் இருந்தால் இடம் மாற்றிப் பார். செட்டிங் வேறானதைப் போடாதே. பூமைத் தாங்கிப் பிடிக்கும் ஹோல்டிங் வால்வு இருந்தால் அதன் பாப்பெட்டையும் (உள்ளே மூடும் முனை) பார். பூமைத் தூக்கத் தொடங்கும்போது முதலில் சற்றுத் தாழ்ந்துவிட்டு ஏறுகிறது என்று எழுதியிருந்தாயே, அது லோட் செக் வால்வு. ராத்திரி இறக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓட்டும்போது வண்டி நேரே போகாமல் செயின் இடது பக்கம் இழுப்பதற்கு: கன்ட்ரோல் வால்வில் இடது, வலது டிராவல் ஹோஸ்களை மாற்றிப் போடு. குற்றம் பக்கம் மாறினால் வால்வு அல்லது பம்ப், மாறாவிட்டால் சென்டர் ஜாயின்ட் (சுழலும் மேல்பகுதியிலிருந்து கீழே ஆயில் கடத்தும் இணைப்பு) அல்லது மோட்டார். டிராவல் செய்யும்போது பிளேடு தானாக நகர்ந்தால் சென்டர் ஜாயின்ட் சீலைச் சந்தேகி. மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் திருப்பி அனுப்பும் கேஸ் டிரெயின் லைனை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதே. ஷாஃப்ட் சீல் பிய்ந்து, ஆயில் ஃபைனல் டிரைவுக்குள் புகும்.

கழற்றும்போது பனியன் வேஸ்ட்டைத் தூர வை. அதன் ஒரு நூல் பைலட் துளையை அடைக்கப் போதும். பைப் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் அதே கேடு. டீசலில் கழுவியதைக் காற்று அடித்து உலர்த்தி, நூல் விடாத துணியால் துடை. வால்வு பிளாக்கின் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க்கில் சீராக முறுக்கு. ஒரு மூலையில் அதிகம் இறுகினால் பிளாக் முறுகி ஸ்பூல் சிக்கும், ஜாய்ஸ்டிக்கை விட்ட பிறகும் பூம் நகரும்.

மெயின் ரிலீஃப் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும் என்று யார் சொன்னாலும், கேஜ் இல்லாமல் ஒரு சுற்றுகூடத் திருப்ப விடாதே. லீவரைக் கடைசி வரை பிடித்தால் இன்ஜின் முக்குகிறதா என்று காதால் கேள். முக்கினால் அழுத்தம் உண்டாகிறது.

ஹோஸில் ஊசித் துளைக் கசிவு இருந்தால் கையால் தடவித் தேடாதே, அட்டையைப் பிடித்துத் தேடு. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த மாதிரி இருக்கும், வலிகூட உடனே வராது. அப்படி நடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரும். சின்னவளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடு.

மூன்று அளவுகளை எழுதி அனுப்பு: படுத்த நேரத்தில் சாக்கெட் மாட்டியபடி எத்தனை வோல்ட், காயில் சூட்டில் எத்தனை ஓம், பைலட் குளிரிலும் சூட்டிலும் எத்தனை பார். டப்பாவில் ஆயில் சொட்டியதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுது. போர்ட் ரிலீஃப் ஓரிங் சைஸ் தெரிந்தால் இங்கேயே வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். போர்வெல் ரிக் வண்டிகளுக்காக இந்த ஊரில் எல்லா அளவும் கிடைக்கிறது.

அன்புடன்,
தங்கவேல்